காலி மேஜை

"உடம்பு வந்துடும் சார். நீங்க நிம்மதியாப் போய்த் தூங்குங்க" என்றார் உடற்கூறியல் துறைத் தலைவி.

துணைவேந்தர் பிணக்கூறாய்வுக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். புதுப் பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. எவர்சில்வர் மேஜைகள் வரிசையாகப் பளபளத்தன. எல்லாம் காலி.

ஒழுகும் கூரைக்கு அடியில், ஒரு பழைய கிடங்கில் ஆரம்பித்த அரசுப் பல்கலைக்கழகம் அது. கலை, அறிவியல், பொறியியல் என்று அவர் கட்டடத்துக்கு மேல் கட்டடமாக எழுப்பியதில், மாணவர்கள் அவருக்கு 'மேஸ்திரி' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அவருடைய கடைசி ஆசை இந்த மருத்துவக் கல்லூரி. அந்த வட்டாரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்பவர்கள், பெருநகர ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

"டாக்டரம்மா, மழை முடிஞ்சதும் ஆய்வுக்குழு வந்து நிக்கும். ஒரு உடம்பாவது இல்லேன்னா அனுமதி கிடையாதுன்னு கறாராச் சொல்லிட்டாங்க. மத்த காலேஜ்ல கேட்டா, 'எங்களுக்கே பத்தல'ங்கறாங்க. ஊருக்குள்ள கேட்டா, 'எங்க ஆளைக் கூறு போடவா'ன்னு அடிக்க வர்றாங்க. நீங்க என்னடான்னா, பஸ் வரும்ங்கற மாதிரி சொல்றீங்க!"

"பஸ் லேட்டாகும் சார். இது ஆகாது."

சொல்லிவிட்டு டாக்டரம்மா சிரித்தார். துணைவேந்தருக்குச் சிரிப்பு வரவில்லை.

"யாரு அது?"

"இந்த ஊர் ஆள்தான்."

"தவறிட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

மூலையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"வீட்டுல தெரியுமா?"

"சம்மதம் வாங்கியாச்சு. தம்பிதான் ஒரே அழுகை. பேசிப் பேசிக் கரைச்சாச்சு."

"பதப்படுத்தறதுக்கே நாளாகுமே?"

"அதையும் சேர்த்துத்தான் சொல்றேன். புதுசா வந்திருக்கற உதவிப் பேராசிரியர் பார்த்துப்பாங்க. என்ன செய்யணும்னு சொல்லி வெச்சுட்டேன்."

"நீங்க இருக்கறப்ப அவங்க எதுக்கு?"

டாக்டரம்மா கையிலிருந்த துணியால் மேஜை விளிம்பைத் துடைத்தார். "ரொம்பப் பழகின உடம்பு சார். எனக்குக் கை வராது."

கல்யாணத்துக்கு நாள் குறிப்பதுபோல ஒரு சாவுக்கு நாள் குறிக்கிறவரைத் துணைவேந்தர் அதற்குமுன் பார்த்ததில்லை. அதற்குமேல் கேட்கத் தைரியம் வராமல், வந்த வழியே நடந்தார்.

கல்லூரியோடு இணைக்கப்போகிற அரசு மருத்துவமனையில் அந்த வாரம் மராமத்து வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு மதியம் அதைப் பார்க்கப் போனபோது, லிஃப்ட் இயக்குபவர் பேச்சுக் கொடுத்தார்.

"உங்க டாக்டரம்மா மேலதான் இருக்காங்க சார். நாள் தவறாம வந்துடறாங்க. பெண்கள் வார்டுல ஒரு தையல்காரம்மா படுத்திருக்கு. புத்துநோய். பாவம், நாதியில்லாத ஜீவன். அதுகூடத்தான் உட்கார்ந்து பேசிக்கிட்டிருப்பாங்க."

"நாதியில்லையா? தம்பி, கிம்பி யாரும்...?"

"ஒரு ஈ, காக்கா எட்டிப் பார்த்ததில்ல சார்."

துணைவேந்தர் லிஃப்டில் மேலே போனார்.

வார்டு வாசலிலேயே நின்றுவிட்டார். ஜன்னலோரக் கட்டிலில் தையல்காரம்மா குச்சி குச்சியான கைகால்களோடு சாய்ந்திருந்தார். அடுத்த கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, டாக்டரம்மா ஆரஞ்சுச் சுளைகளைக் கொட்டை நீக்கி ஒவ்வொன்றாக அவர் வாயில் கொடுத்துக்கொண்டிருந்தார். இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். கசாப்புக்காரன் ஆட்டுக்குத் தழை ஊட்டுவதுபோல இருந்தது துணைவேந்தருக்கு.

"டாக்டரம்மா, கொஞ்சம் வெளியே வாங்க."

தாழ்வாரத்தில் துணைவேந்தர் அவரை மறித்து நின்றார். "எனக்குக் காலேஜ் வேணும்தான். அதுக்காக ராத்திரி பகல் பார்க்காம அலைஞ்சிருக்கேன். ஆனா இப்படி வேண்டாம். அந்தம்மாவை விட்டுடுங்க."

"எந்தம்மாவை?"

"தெரியாத மாதிரி பேசாதீங்க! யாருமில்லாத பொம்பளைக்குத் தம்பி இருக்கான்னு எங்கிட்ட புளுகினீங்க. பக்கத்துல உட்கார்ந்து பழம் ஊட்டிக்கிட்டே, எப்ப உயிர் போகும்னு பார்த்துக்கிட்டிருக்கீங்களே, உங்களுக்கு மனசு உறுத்தல? அந்த மேஜை காலியாவே கிடக்கட்டும். காலேஜ் இழுத்து மூடினாலும் பரவாயில்ல!"

தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று வர, டாக்டரம்மா சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ பெரிய சுமை இறங்கியதுபோல ஒரு தெளிவு இருந்தது.

"இப்படி ஒருத்தர் கட்டின காலேஜுன்னா, நான் நம்பி வரலாம் சார்."

"என்ன சொல்றீங்க?"

"தையல்காரம்மாவுக்கு மருந்து நல்லாக் கேட்டுடுச்சு. வியாழக்கிழமை வீட்டுக்குப் போறாங்க. இன்னும் ரொம்ப வருஷம் மிஷின் மிதிப்பாங்க."

"அப்ப... அந்தத் தம்பி? நீங்க தினம் யாரைப் பார்க்க இங்க வர்றீங்க?"

"யாரையும் பார்க்க வரல சார்" என்றார் டாக்டரம்மா மெல்ல. "அழுதது என் தம்பி. இப்ப நான் உட்கார்ந்திருந்தேனே, அது எனக்கு மருந்து ஏத்தற கட்டில்."