பேதுருவின் நாற்காலி

மடித்துக் கட்டியிருந்த வேட்டியை ஞானாபரணம் அவிழ்த்துவிட்டார்.

மடித்தபடியே நின்றால், இறங்கப்போகிறார் என்று நாலு பேர் நினைத்துவிடுவார்கள்.

சாலையோரச் சாக்கடை வாறுகாலுக்குள் கீரைக்கார இசக்கி சைக்கிளோடு கிடந்தார். இடுப்புவரை கறுப்புச் சேறு. எழப் பார்க்கிறார், வழுக்குகிறது. சைக்கிள் அவர் கால்மேல். கீரைக் கட்டுகள் மட்டும் அவசரமில்லாமல் மிதந்து போய்க்கொண்டிருந்தன.

ஞானாபரணம் தன் கால்களைப் பார்த்தார்.

ஒரு வாரத்து உழைப்பு. செங்கல் துண்டால் குதிகாலைத் தேய்த்து, எலுமிச்சம்பழத் தோலால் நகக்கண்ணைத் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவிக் காலுறையோடு தூங்கி எழுந்த கால்கள்.

இன்று பெரிய வியாழன். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதுபோல, மாலை ஆராதனையில் குருவானவர் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார்.

கழுவக் கொடுக்கும் காலை வீட்டிலேயே கழுவிக்கொண்டு போவது அந்தச் சபையின் ஒழுங்கு.

பன்னிரண்டாவது நாற்காலி யூதாசுடையது. அதற்கு வெளியூர் மருமகன் யாரையாவது பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். முதல் நாற்காலி பேதுருவுடையது. இந்த வருஷம் அது ஞானாபரணத்துக்கு. அதற்காக எத்தனை கமிட்டிக் கூட்டங்களில் எத்தனை பேருக்குத் தலையாட்டியிருப்பார்!

கொஞ்சம் யோசித்தார்.

யோசிக்க அதிகம் இல்லை. மனுஷனை இரட்சிப்பது விசுவாசம், நற்கிரியை அல்ல. புதன்கிழமை வேதபாட வகுப்பில் அவரே வருஷக்கணக்காகச் சொல்லிவருவதுதான். சாக்கடையில் இறங்கிப் புண்ணியம் தேடுவதெல்லாம் அஸ்திவாரம் தெரியாதவர்களின் வேலை.

கண்ணை மூடினார். கைகளை உயர்த்தினார். இசக்கிக்காக உரத்த சத்தத்தில் ஜெபிக்கத் தொடங்கினார்.

இவ்வளவு நேரமும் பக்கத்தில் நின்ற மனைவி பாக்கியசீலியின் குரல் இப்போது கீழேயிருந்து வந்தது.

"ஜெபிச்சது போதும், ஒரு கை குடுங்க!"

ஜெபத்தில் இருப்பவருக்குக் காது கேட்காது. "ஒத்தாசை அனுப்பும், பிதாவே" என்பதை இன்னும் கொஞ்சம் ஏற்றிச் சொன்னார்.

சேறு கலங்கும் ஒலி. ஒரு முனகல். சைக்கிள் மணி தானாக ஒருதரம் அடித்தது.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது இசக்கி ரோட்டில் உட்கார்ந்திருந்தார்.

ஜெபம் கேட்கப்பட்டிருந்தது.

பாக்கியசீலி இன்னும் உள்ளேதான் நின்றாள். ஏற ஒரு பிடி தேடிக்கொண்டு.

"நேரமாச்சுளா. நீ பொறவு வா."

சேறு தெறிக்காத பக்கமாகப் பார்த்து நடந்தார்.

ஆராதனைக்கு முன் ஒரு சின்னச் சாட்சி சொல்லவும் வாய்ப்புக் கிடைத்தது. விடுவாரா?

"கண்ண மூடி ஜெபிச்சேன். தொறந்தா, ஆளு ரோட்டுல!"

சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது.

"தூக்கிவிட்டது யாரு ஐயா?" குருவானவர் கேட்டார். இளம் வயது. இப்படி எதையாவது கேட்டுவைப்பார்.

"கர்த்தர் ஒரு ஆள அனுப்பினாரு."

பாட்டு தொடங்கியது.

முதல் நாற்காலியில் வேட்டி நுனியை விரலால் உயர்த்தி உட்கார்ந்தார். வீடியோக்காரர் அவர் காலடியில் குனிந்தார். பிறகு குருவானவரும் குனிந்தார். ஊற்றிய தண்ணீர் தெளிவு மாறாமல் காலடியில் வைத்திருந்த பேசினில் விழுந்தது.

"கழுவ ஒண்ணுமில்லையே ஐயா."

ஞானாபரணத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதைப் பாக்கியசீலி கேட்டிருக்கவேண்டுமே என்று பெண்கள் பக்கம் தேடினார்.

அங்கே இல்லை.

வாசலில் நின்றாள். செருப்பு கையில். வெளிக்குழாயில் தண்ணீர் வரவில்லை போலிருக்கிறது. புதுப் பளிங்குத் தரையில் அந்தக் காலை வைக்கத் துணியாமல் நின்றாள். பண்டிகைக்கு எடுத்த வெள்ளைச் சேலை இடுப்புவரை கறுப்பு.

தோளில் ஒரு கையின் தடம். ஐந்து விரலும் தெளிவாக.

தலைகள் திரும்பின. பாட்டு நடுவிலேயே மெலிந்து நின்றது.

குருவானவர் அவளைப் பார்த்தார். முழங்காலில் இருந்தபடியே ஞானாபரணத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, கர்த்தர் அனுப்பின ஆளு யாருன்னு நெசமாவே தெரியாதா?"

மெல்லத்தான் கேட்டார். சட்டையில் குத்தியிருந்த மைக் திறந்திருந்ததை அவர் மறந்துவிட்டார். கேள்வி நான்கு ஸ்பீக்கரிலும் கேட்டது.

தெரியாது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இயேசுவையே தெரியாது என்று மூன்றுதரம் சொன்ன பேதுருவின் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அது சுலபமாக வரக்கூடியதுதான்.

வாசலில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தனக்காக அல்ல. அவருக்காக.

"எங்க வீட்டம்மா," என்றார்.

பிறகு, மைக்கே தேவைப்படாத குரலில்:

"அவதான் எறங்குனா. நான் மேல நின்னேன்."

சொன்னபோது அவர் மார்பு விரிந்திருந்தது. வேதபாட வகுப்பில் ஒருநாளும் அப்படி விரிந்ததில்லை. எதற்காக என்று அவருக்கே பிடிபடவில்லை.

குருவானவர் கால் துடைக்கத் துண்டை எடுத்தார்.

ஞானாபரணம் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எழுந்தார். மற்றப் பதினோரு பேரும் காலை நீட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீடியோக்காரர் பின்னால் வருகிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பழக்கம்.

பிறகு குனிந்து பேசினையும் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

தண்ணீர் இன்னும் தெளிவாகத்தான் இருந்தது.