குறை சொல்பவன்

சேவூர் வீட்டில் அக்ஷயா வாணலியில் பேக்கன் துண்டுகளை வறுத்துக்கொண்டிருந்தாள். பன்றிக் கொழுப்பு உருகியதும் அதில் வினிகர், கடுகு விழுது, சர்க்கரை சேர்த்துக் கலக்கினாள். அதைச் சூடாகக் கீரை சாலட்டின் மேல் ஊற்றிக் கணவனிடம் நீட்டினாள்.

ஆகாஷ் ஒரு வாய் தின்றுவிட்டு முகத்தைச் சுளித்தான். “புளிப்பு தூக்கலா கீது.”

மறுபடி செய்தாள்.

“இப்போ உப்பு பத்தல.”

மாமியார் பச்சையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “ஒரு வாரமா இதே பேஜாரு! பொண்டாட்டி சமையல்ல இன்னாடா இவ்ளோ கொற சொல்லிகினு கீற?”

“நீங்க சும்மா இருங்க அத்தை. அவரு சொல்லட்டும்” என்றாள் அக்ஷயா.

அடுத்த முறை ஆகாஷ் தட்டையே வழித்து நக்கினான். அந்த அளவுகளை அவள் மனதில் பதித்துக்கொண்டாள்.

மறுநாள் சென்னை ஹோட்டல் ஒன்றில் செஃப் வேலைக்கான தேர்வு. அவள் செய்த சாலட்டைத் தலைமை செஃப் ரசித்துச் சாப்பிட்டார்.

“அருமைம்மா. ஆனா கடைசி வரைக்கும் நீங்க ருசியே பாக்கலையே, அவ்ளோ நம்பிக்கையா?”

“நான் ஜெயின் வீட்டுப் பொண்ணு சார். கறிய இதுவரைக்கும் வாயில வெச்சதே இல்ல. எனக்கு நம்பிக்கை என் வீட்டுக்காரர் நாக்கு மேல.”

அவர் சிரித்தபடி எழுந்து கை கொடுத்தார். “திங்கக்கிழமையே வந்து சேருங்க.”

வெளியே வந்ததும் ஆகாஷுக்கு போன் செய்து சொன்னாள்.

“சூப்பரு!” என்று கத்தினான் அவன். “ஜல்தி வா. இன்னிக்காவது எனக்கு ரசம் வெச்சிக் குடு!”