பதின்மூன்றாவது ஓட்டு

"பெல்ஃபோர்டுக்கா? ஒரு ஆட்டம்கூடத் தோக்கலைன்னா என்ன சார்! குவார்ட்டர்பேக்குக்குத்தான் கால் முறிஞ்சு போச்சே. பந்தை எறிய ஆளில்லாத டீமைக் கொண்டுபோய்க் கோப்பைக்கு ஆட விட்டா நாடே சிரிக்காதா?"

ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் ஹாலிஸ் டிட்வெல் போட்ட சத்தத்துக்கு, பக்கத்து நாற்காலியில் இருந்த சாம்பல் நிறக் கோட்டுக்காரர் மட்டும்தான் திரும்பிப் பார்த்தார். வேறு யாரும் அங்கே இல்லை. டிசம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அலபாமா முழுக்கத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. அமெரிக்க ஃபுட்பாலில் தேசிய சாம்பியன் பட்டத்துக்கு மோதப்போகும் நாலு கல்லூரி அணிகளைத் தேர்வுக் குழு இன்னும் சற்று நேரத்தில் அறிவிக்கும். மூன்று இடம் முடிவான மாதிரிதான். மிச்சமிருக்கும் ஓர் இடம் பெல்ஃபோர்டுக்கா, ஹாலிஸின் ஹேஸ்கின்ஸ் கல்லூரிக்கா என்பதில்தான் ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது.

ஹாலிஸின் வீடும் இரண்டுபட்ட வீடுதான். அவன் மனைவி டார்லா பெல்ஃபோர்டில் படித்தவள். நிறைமாதம் ஆவதற்குள் ரத்தப்போக்கு கண்டு, காலையில் அவளைத் தள்ளுவண்டியில் ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனபோதுகூட, "என் டீம்தான் போகும், நீ பாத்துக்கிட்டே இரு" என்று வெளுத்த உதட்டோடு சிரித்தாள். "தாய், பிள்ளை ரெண்டு பேருமே ஆபத்துலதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போன டாக்டர் அப்புறம் வெளியே வரவே இல்லை. பயத்தை மறக்க ஹாலிஸுக்குத் தெரிந்த ஒரே வழி, வாய் ஓயாமல் ஃபுட்பால் பேசுவது.

"காயம்பட்டது அவங்க தப்பா தம்பி?" கோட்டுக்காரரின் குரல் ரொம்ப மெதுவாக வந்தது. "பாடுபட்டு இவ்வளவு தூரம் வந்துட்டாங்களே."

"பாடுபட்டதுக்குக் கைதட்டி அனுப்புங்க சார். இடத்தை எதுக்குக் குடுக்கணும்?"

போன வருஷம் ஹேஸ்கின்ஸுக்கு இதே கதி வந்தபோது, 'ஜெயிச்சவனுக்குத்தான் இடம், அடிபட்டான்னு தள்ளி வைக்க நீங்க யாரு?' என்று தேவாலய வாசலிலேயே நின்று தொண்டை கிழியக் கத்தியவன் இதே ஹாலிஸ்தான். அதுதான் நியாயம் என்று இன்றைக்கும் அவன் மனசுக்குத் தெரியும். ஆனால் பெல்ஃபோர்டுக்காக நியாயம் பேச அவன் நாக்கு புரளுமா, என்ன?

"சும்மா பொழுது போக்கக் கேக்கலை," என்றார் அவர். "நானும் ஒரு குழுவுல இருக்கேன். பதிமூணு பேர். ஆறுக்கு ஆறுன்னு நிக்குது. என் ஓட்டு மட்டும்தான் பாக்கி."

ஹாலிஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேர்வுக் குழு ஆளா! இந்த ஊர் ஆஸ்பத்திரியிலா! சொந்தக்காரர் யாராவது இங்கே படுத்திருக்கலாம். போனிலேயே ஓட்டுப் போடுவார் போலிருக்கிறது. அடித்ததடா யோகம் என்று நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். கிட்டே போனதும் ஏனோ உடம்பு சில்லிட்டது. அதையெல்லாம் கவனிக்க இது நேரமா?

"சார், நான் சொல்றதைக் கேளுங்க. ஹேஸ்கின்ஸ்ல எல்லாம் சின்னப் பசங்க. ஆரம்பத்துல ஒரு ஆட்டம் தோத்தாங்க, ஒத்துக்கறேன். ஆனா இனிமே வளரப்போறது அவங்கதானே? பழசைப் பாக்காதீங்க, வரப்போறதைப் பாருங்க."

"அப்ப, அடிபட்டவங்களை விட்டுடலாம்கிறீங்க."

"மனசைக் கல்லாக்கிக்கிட்டு விட்டுடுங்க."

"இந்த ரெண்டு டீமுக்கு மட்டும்தான் இந்தப் பேச்சா? இல்லே, வேற யாரா இருந்தாலும் இதையேதான் சொல்லுவீங்களா?"

மனுஷன் மடக்கப் பார்க்கிறார் என்று ஹாலிஸுக்குப் பட்டது. கட்சி கட்டிப் பேசுவதாக நினைத்துவிட்டால் ஓட்டு போச்சே!

"யாரா இருந்தா என்ன சார்? என் வீட்டுக்காரியே பெல்ஃபோர்டுதான். அவ முகத்துக்கு நேராவே இதைச் சொல்லுவேன்."

"உங்க கடைசி வார்த்தையா எடுத்துக்கலாமா?"

"தாராளமா எடுத்துக்கோங்க."

அவர் எழுந்தார். ஹாலிஸை இரக்கத்தோடு பார்த்தார்.

"நான் வேற மாதிரிதான் போடறதா இருந்தேன்," என்றார்.

போன் பேச வெளியே போவார் என்று பார்த்தால், நேரே ஆபரேஷன் தியேட்டர் பக்கம் நடந்தார். "சார், அங்க போகக் கூடாது சார்!" என்று ஹாலிஸ் எழுவதற்குள் உள்ளே போய்விட்டார். கதவு சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டது.

"நாலாவது இடம்... ஹேஸ்கின்ஸ்!" என்று அறைச் சுவரில் இருந்த தொலைக்காட்சி கூவியது.

ஹாலிஸ் தொப்பியைத் தூக்கி வீசிக் குதித்தான். டார்லா கண் விழித்ததும் முதல் வேலையாக இதைச் சொல்லி அவளைச் சீண்ட வேண்டும். மகராசன், சொன்னபடி ஓட்டைப் போட்டுவிட்டாரே!

திரையில் தேர்வுக் குழுவினரை ஒவ்வொருவராகக் காட்டினார்கள். வெள்ளிக்கிழமை டெக்சாஸ் ஓட்டல் ஒன்றில் கூடிய குழுவிலிருந்து ஒருவர்கூட இதுவரை வெளியே வரவில்லையாம். முடிவில் இழுபறியே இல்லையாம், ஒருமனதாக எடுத்ததாம். பதின்மூன்று முகங்களையும் ஹாலிஸ் பார்த்தான். சாம்பல் நிறக் கோட்டுக்காரர் அதில் இல்லை.

அப்படியானால் அவர் எந்தக் குழு?

அவன் தியேட்டரை நோக்கி ஓடியபோது கதவு திறந்தது. முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே டாக்டர் வந்தார்.

"பையன் நல்லா இருக்கான்," என்றார். டார்லாவின் கல்யாண மோதிரத்தை ஹாலிஸின் உள்ளங்கையில் வைத்தார்.