ஒரே கை செய்த ஜாப்

பொருத்திய இரும்புத் துண்டுகளை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார் வாத்தியார்.

இடுக்கில் வெளிச்சம் வரவில்லை.

சுடலைராஜன் கொடுத்த ஆண் துண்டு. முத்துப்பேச்சி கொடுத்த பெண் துண்டு. ஒன்றுக்குள் ஒன்று அலுங்காமல் போய் உட்கார்ந்திருக்கிறது.

அப்படி உட்காரவே கூடாது.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிற ஒவ்வொருவரும் இரும்புத் தகட்டை அரத்தால் ராவி இரண்டு துண்டு செய்து, ஒன்றை மற்றதன் பள்ளத்தில் பொருத்திக் காட்ட வேண்டும். அதற்குப் பெயர்தான் ஜாப். அவரவர் துண்டு அவரவர் பள்ளத்தில்தான் சேரும். அடுத்தவன் துண்டைப் போட்டால் லொடலொடவென்று ஆடும். இல்லையென்றால் உள்ளேயே போகாது. சொல்லிக்கொடுக்க வந்த நாளிலிருந்து அவர் பார்த்தது அதுதான்.

மாற்றிப் போட்டார். அவளுடைய ஆண், அவனுடைய பெண்.

அதுவும் கச்சிதம்.

ஆக, நாலு துண்டையும் ராவியது ஒரே கை. யாருடைய கை என்று அவர் யோசிக்கவேயில்லை.

உடனே பிரின்சிபாலுக்குப் போன் போட்டார். யார் அடுத்தவன் ஜாப்பைத் தன்னுடையது என்று கொடுத்தது, விசாரித்துப் பெயரைச் சொல்லுங்கள் என்றார் பிரின்சிபால். அந்த ஆளுக்கு இந்த வருஷம் பரீட்சை கிடையாது.

முத்துப்பேச்சிக்கு ஒரு வருஷம் போனால் போனதுதான். வீட்டில் மறுபடி அனுப்ப மாட்டார்கள். அது அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? யார் காப்பியடிக்கச் சொன்னது?

சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரையும் ஒர்க் ஷாப்புக்கு வரச் சொன்னார். வேறு யாருமில்லை.

அந்தப் பெண் மேல் அவருக்கு முதலிலிருந்தே சந்தேகம். வகுப்பில் ஒரே பெண். வாயைத் திறக்க மாட்டாள். எப்போது பார்த்தாலும் சுடலைராஜன் பக்கத்தில் நிற்பாள். அவன் ராவிக்கொண்டிருப்பான், இவள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பாள். இப்படிப்பட்டவளுக்கு ஜாப் மட்டும் எப்படி இவ்வளவு சுத்தமாக வருகிறது?

அவனிடம்தான் கேட்டார்.

"ஏல, இவளுக்கு எதுக்குல செஞ்சு குடுத்த?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளை ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்தான்.

வேறென்ன வேண்டும்? பாவம், பயல் நன்றாக ஏமாந்திருக்கிறான்.

அவளிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அழுவாள். அழுதால் பிரின்சிபால் இரங்கிவிடுவார். கையும் களவுமாகக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று ஆளுக்கொரு தகட்டைக் கொடுத்தார். ஒரே ஒரு ஓரத்தை மட்டமாக ராவிக் காட்டச் சொன்னார்.

சுடலைராஜன் தன் வைஸின் இரும்புத் தாடையில் தகட்டைக் கடிக்கவைத்து இறுக்கினான்.

அவள் அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

சும்மா நின்றாள். சுற்றிலும் வைஸ்கள் காலியாகக் கிடக்கின்றன. கையில் அரம் இருக்கிறது. ஆனாலும் அவனை ஒட்டியே நின்றாள்.

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. என்ன நெஞ்சழுத்தம்! என் கண் முன்னாடியே அவனைப் பார்த்துச் செய்யப் பார்க்கிறாளே. தள்ளிப் போய் வேறொன்றில் மாட்டு என்று அதட்டினார்.

எதில் என்பது போலப் பார்த்தாள். எதிலாவது என்று கையைக் காட்டினார்.

மாட்டினாள். காலை அகட்டி நின்றாள். அரத்தைத் தள்ளினாள்.

நீளமான, ஒரே சீரான சத்தம்.

அவர் கிட்டே வந்து பார்த்தார்.

அந்தப் பக்கம் அவன் அரம் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார். அவன் தகட்டில் நடுவில் மேடு, இரண்டு பக்கமும் சரிந்திருந்தது. அவளுடையதில் ஒரு குறையும் இல்லை. திருப்பி வைத்தும் பார்த்தார். இல்லை.

சுடலைராஜன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வெளியே போகச் சொன்னார்.

ஆனாலும் மனசு ஆறவில்லை. சரி, செய்தது இவள்தான். எதற்காக அவனுக்குச் செய்து கொடுத்தாள்? துட்டு வாங்கினாளா? இல்லை, இரண்டு பேருக்கும் நடுவில் வேறு ஏதாவது ஓடுகிறதா? இரண்டில் ஒன்று இருந்தே ஆக வேண்டும். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, உண்மையைச் சொல் என்றார்.

முத்துப்பேச்சி அழவில்லை.

"நீங்க ஆபீஸுக்குப் போன பெறகுதான் சார் எனக்கு வைஸ் கிடைக்கும். அதுவும் அவன் ஜாப்ப மொதல்ல முடிச்சுக் குடுத்தாதான்."

அவர் வைஸ் வரிசையைப் பார்த்தார்.

சேர்க்கை முடிந்த அன்று யாருக்கு எந்த வைஸ் என்று பிரித்துக் கொடுத்தது அவர்தான். ஒன்று குறைந்தது. கடைசியில் நின்றது இவள். யாரோடாவது சேர்ந்து பார்த்துக்கொள்ளம்மா என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அதற்குப் பிறகு அது அவர் நினைவுக்கே வந்ததில்லை.

வெட்கமாக இருந்தது. அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவள் தகட்டைக் கழற்றினாள். வைஸின் வாயில் கிடந்த இரும்புத் தூளைப் பிரஷ்ஷால் தள்ளிவிட்டாள். பிறகு வழக்கம்போல ஓரமாகப் போய் நின்றுகொண்டாள்.

போன் அடித்தது. பிரின்சிபால்.

யாரென்று தெரிந்ததா என்று கேட்டார்.

"தெரிஞ்சுது சார்."

பெயரைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றார்.

"வேண்டாம் சார். வைஸைப் பிரிச்சுக் குடுத்தது நான்தான். நானே நேர்ல வாரேன்."