ஏறாத விறகடுக்கு

“உன் விறகு திருட்டுப் போவுது, உனக்குக் கொஞ்சங்கூடப் பதறலையாடி?”

பக்கத்து வீட்டுச் சாய்ரா மண்சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டாள். சல்கின் விறகுக் கொட்டகையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“போனா போவுது, விடுங்கக்கா.”

“போனா போவுதா? பனி எந்நேரமும் இறங்கும். அப்புறம் அடுப்புல என்னத்தை வெப்பே, உன் காலையா? அந்த எசென் மனுஷன் பொழுதுக்கும் பொளந்து பொளந்து அடுக்குறான். மறுநாள் பார்த்தா அடுக்கு அதே ஜன்னல் மட்டத்துலதான் நிக்குது. உன் கண்ணுல படவே இல்லையா?”

படாமல் என்ன. அடுக்கு ஏறவில்லையே என்று ஊரில் மற்றவர்கள் கவலைப்படுவார்கள். சல்கினின் கவலையோ அது ஏறிவிடக் கூடாதே என்பதுதான்.

கணவன் இறந்து மூன்று குளிர்காலம் போய்விட்டது. ஏரிக்கரையில் இருந்த அந்த ஊரில், வேலை எதுவும் இல்லாமல் ஓர் ஆண் அவள் வீட்டு முற்றத்தில் நின்றால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பேச்சாகிவிடும். விறகு பிளக்க வந்தால் மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அது உதவிக் கணக்கு. ஆக, எசென் வருவதற்கு விறகு ஒன்றுதான் சாக்கு. அடுக்கு கூரையைத் தொட்டால் அந்தச் சாக்கும் தீர்ந்தது.

அவனும் மனைவியை இழந்தவன்தான். பேசுவது குறைவு, பேசினாலும் பெரும்பாலும் தன் குதிரையோடுதான். மதியம் அவள் தேநீரும் ரொட்டியும் பாலேடும் கொண்டுவந்து வைப்பாள்.

“இந்தக் கட்டையில முடிச்சு ஜாஸ்தி” என்பான்.

“அப்படியா?” என்பாள்.

அவ்வளவுதான். அதிலேயே அவளுக்கு நாள் நிறைந்துவிடும்.

கோடாலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு எசென் இப்போது அந்தப் பக்கமாக வந்தான். சாய்ரா விடுவாளா?

“என்னப்பா எசென், உன் கைராசி அப்படியா? நீ அடுக்குறதுக்கெல்லாம் றெக்கை முளைச்சுடுதே!”

எசென் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி அதற்குள் எதையோ தேடினான். “இன்னும் ஒரு வண்டி மரம் கொண்டாந்தா சரியாப் போயிடும்.”

“திருடனுக்கு அதுவும் பத்தாது. மலையையே வெட்டிக் கொண்டா!” சாய்ராவின் பார்வை சல்கின் பக்கம் திரும்பியது. “கையெல்லாம் என்னடி கீறல்?”

“ஓடைக்கரையில முள்ளுப்பழம் பறிச்சேன்.”

“எங்க பழம்? ஒரு கிண்ணம் குடேன், ஜாம் காய்ச்சணும்.”

“தின்னுட்டேன்.”

“அந்தப் புளிப்பையா! ஒண்ணு வாயில போட்டா எங்க ஆடே கண்ணை மூடிக்கும்!”

எசென் சிரிப்பை அடக்க முடியாமல் கோடாலியோடு திரும்பிப் போனான்.

“இருடி, முதல் பனி விழட்டும்” என்றாள் சாய்ரா. “திருடன் என்ன, பறந்தா வருவான்? தடம் காட்டிக் குடுத்துடும். அதுவரைக்கும் நானே காவல் இருக்கேன்.”

சொன்னபடியே சுவரோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தூக்கத்தில்கூட அவள் வாய் ஓயாது என்று அவள் புருஷனே ஊரெல்லாம் சொல்லுவான். கேட்கவா வேண்டும்? திருடன் நெருங்கவில்லை. அடுக்கு மளமளவென்று ஏறி, கூரைக்கு ஒரு சாண் என்ற இடத்துக்கு வந்துவிட்டது. சல்கினுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அன்று ராத்திரி முதல் பனி விழுந்தது. குளிர் தாங்காமல் சாய்ரா ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் கதவு இடிபட்டது.

“வாடி வெளியே! மாட்டிக்கிட்டான்!”

கொட்டகையில் மேல் வரிசைகளைக் காணோம். வெள்ளைப் பனியில் பூட்ஸ் தடம், பக்கத்திலேயே சறுக்குவண்டி இழுத்த கோடு. சாய்ரா முன்னால் ஓட, சல்கின் சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னால் நடந்தாள். தடம் தெருக்கோடிக்குப் போய், ஒரு வேலிப்படலுக்குள் நுழைந்தது.

எசெனின் வீடு.

ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் விறகு கூரைவரை அடுக்கியிருந்தது. பட்டை மேலாக, ஓரம் பிசகாமல், அவனுக்கே உரிய அடுக்கு. கையில் தீவன வாளியோடு எசென் அப்படியே நின்றுவிட்டான்.

“அடப்பாவி! பொளக்குறதும் நீ, திருடுறதும் நீயா? நட, ஊர்ப் பெரியவங்க முன்னாடி!”

எசென் சல்கினைத்தான் பார்த்தான். “ஒரு கட்டையக்கூட எரிக்கலைங்க. எல்லாத்தையும் திருப்பிக் கொண்டாந்து போட்டுடுவேன். அடுக்கு ஏறிடுச்சுன்னா... அப்புறம் நான் எதைச் சொல்லிக்கிட்டு அங்க வர்றது?”

சல்கின் காது சிவந்தது. சாய்ரா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

“நல்லா இருக்குய்யா உன் நியாயம்! ஒரு பொம்பளை குளிர்ல நடுங்கட்டும்னு இம்புட்டு விறகையும் வாரிக்கிட்டு வந்திருக்கே!”

“இம்புட்டும் நான் எடுக்கலக்கா. பாதிதான் எடுத்தேன்” என்றான் எசென். “மீதியெல்லாம் ஓடைக்கரையில முட்புதருக்குள்ள கிடந்துச்சு. நான் பொளந்த கட்டைதான், பார்த்தா தெரியாதா? நனைஞ்சு வீணாப் போயிடுமேன்னு பொறுக்கிட்டு வந்தேன். யாரு அங்க கொண்டுபோய்ப் போட்டாங்கன்னுதான் புரியல.”

“முட்புதருக்குள்ளயா? எந்தக் கிறுக்குய்யா அந்த முள்ளுக்குள்ள போயி...”

சல்கின் தன் இரண்டு கைகளையும் மெல்லச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

சாய்ரா அவளைப் பார்த்தாள், எசெனைப் பார்த்தாள். பிறகு ஒரு வார்த்தை பேசாமல், வேலிப்படலைச் சாத்திவிட்டு, வந்த தடத்திலேயே திரும்பி நடந்தாள்.