ஒன்பதாவது சிப்

“ரெண்டும் ஒரே அளவுதானே, இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு வெலை?” என்றார் வந்தவர்.

ஒரு கையில் சர்வர் மெமரி, மறு கையில் சாதா மெமரி. மாற்றி மாற்றிப் பார்த்தார்.

வேறொரு நாளாக இருந்தால் இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, முழுசாக விளக்கிவிட்டுத்தான் பில்லில் கை வைப்பேன். என் மனைவி அதற்கு ‘எட்டாள் கதை’ என்று பெயரே வைத்திருக்கிறாள். விருந்தாளி யாராவது கம்ப்யூட்டர் பேச்சை எடுத்தால் போதும், “ஆரம்பிச்சிட்டீங்களா?” என்று சமையலறையிலிருந்தே குரல் வரும்.

கதை இதுதான். சாதா மெமரியில் எட்டு சிப், சர்வர் மெமரியில் ஒன்பது. எட்டுப் பேர் கணக்கு எழுதுகிறார்கள். அவர்கள் எழுதியதில் எங்காவது சைபர் ஒன்றாகிவிட்டதா என்று பார்த்துத் திருத்துவது மட்டும்தான் ஒன்பதாவது ஆளின் வேலை. விலையில் ஒரு பங்கு அவன் சம்பளம். இந்த மெமரியைத் தயாரிப்பதும் குறைவு, சோதிப்பதும் கடுமை என்பதால் மீதி ஏறுகிறது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு சைபர் மாறினால் போட்டோவில் ஒரு புள்ளி நிறம் மாறும். யார் குடியும் முழுகிப் போகாது. அதனால் வீட்டுக்கு எட்டுப் பேரே தாராளம்.

இன்றைக்கு அந்தக் கதையைச் சொல்ல எனக்கு நிலைகொள்ளவில்லை.

எதிர்ச் சாரியில் இருக்கும் ஆஸ்பத்திரியில் என் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குப் பின்னால் ஒரு கட்டி. இன்று முதல் கதிர்வீச்சு. போன தடவை காய்ச்சல் என்று திருப்பி அனுப்பினார்கள், அதற்கு முந்தின தடவை டாக்டர் ஊரில் இல்லை. இனியும் தள்ளிப்போட்டால் கட்டி நரம்பைத் தொட்டுவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அளவு துளி கூடினாலும் பார்வை போய்விடும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

“இன்னும் கூப்பிடல. நீங்க எப்ப வர்றீங்க?” என்று அப்போதுதான் போனில் கேட்டிருந்தாள். கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய மச்சான் ‘இதோ வந்துட்டேன் மாமா’ என்று சொல்லிச் சொல்லியே என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான்.

வந்தவர் மாதிரிக்குக் கொண்டுவந்திருந்த பழுதான மெமரியை மேசைமேல் வைத்தார். பார்த்தேன். ஒன்பது சிப்.

எந்த மெஷினுக்கு என்று கேட்காமல் மெமரி விற்பதில்லை என்பது எங்கள் கடைச் சட்டம். போட்டதே நான்தான்.

“சாதாவும் அதுல ஓடும்ல? இந்த வெலைன்னா மேலதிகாரிகிட்ட கையெழுத்து வாங்கணும், நாளைக்கு ஆயிடும். ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க.”

“ஓடும்,” என்றேன். ஓடத்தான் செய்யும், அதில் பொய் இல்லை. எந்த மெஷினுக்கு என்று கேட்காமலே சாதா மெமரியைப் பையில் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். போய்த் தொலைந்தால் சரி என்றிருந்தது.

மச்சான் ஒருவழியாக வந்து சேர்ந்ததும் சாலையைக் குறுக்கே கடந்து ஓடினேன்.

காத்திருப்பு அறையில் அவள் முகம் தெளிந்திருந்தது. இத்தனை நாளில் அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை.

“காலைலேருந்து கம்ப்யூட்டர் படுத்துடுச்சாம். அளவு கணக்குப் போடுறது அதுதானாம். இப்பதான் யாரோ ஏதோ வாங்கிட்டு வந்து சரி பண்ணாங்க. முதல் ஆளே நான்தான்,” என்றாள்.

உள்ளேயிருந்து கதவைத் திறந்துகொண்டு, மெமரி வாங்கிப் போனவர் வந்தார். சட்டைப் பையில் எங்கள் கடைப் பை மடித்துச் செருகியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

“சார், உங்க புண்ணியத்துல ஓடிடுச்சு.”



ஒரு சைபர் மாறுவது அபூர்வம். இன்றைக்கே, அவள் கணக்கிலேயே மாற வேண்டும் என்று ஒன்றுமில்லை. மாறினால் அதைச் சொல்ல உள்ளே அந்த ஒன்பதாவது ஆள் இல்லை, அவ்வளவுதான். நான் வாயைத் திறந்தால் மூன்றாவது தடவையாக அவளை வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

நர்ஸ் அவள் பெயரைக் கூப்பிட்டார். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள்.

“சிஸ்டர், ஒரு நிமிஷம்,” என்றேன். “அந்த மெமரில எட்டு சிப்புதான் இருக்கு.”

அவள் கதவருகே நின்று திரும்பினாள். கண்ணாடி இல்லாமல் என் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது.

“ஆரம்பிச்சிட்டீங்களா?” என்று சிரித்தாள்.