நாற்பத்திரண்டு திருப்திகள்

2024 ஜூலை 20, சனிக்கிழமை. மீஞ்சூரில் உள்ள ஒரு தொலைநிலைக் கல்வி மையத்தின் தர மதிப்பீட்டுக்கு, நாற்பத்திரண்டு மாணவர்களின் கருத்துகளும் இணையத்தில் பதிவாகியிருக்கின்றன. எல்லாவற்றிலும் 'மிகவும் திருப்தி'. கடைசித் தேதிக்குப் பயந்து, ஒருங்கிணைப்பாளர் ஸ்டீவன் தானே உட்கார்ந்து நிரப்பியவை அவை. மாலை வெயில் அவன் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. கம்பெனிச் சீருடையோடு எதிரில் நிற்கும் மாணவி சுகிர்தா, கீறல் விழுந்த கைப்பேசியை நீட்டுகிறாள். "இன்னா சார், நான் இன்னும் எழுதவே இல்ல, அதுக்குள்ள உங்க கருத்துக்கு நன்றின்னு வருது? பாட வீடியோல புள்ளியியல் மேடம் எக்ஸ்பிரஸ் வண்டியாட்டம் போய்க்கினே கீறாங்க. நேர்ல கிளாஸ் வேணும்னு எழுதலாம்னு பாத்தேன். இந்த வாட்டியும் அதுல பெயிலானா சூப்பர்வைசர் வேலை அம்பேல்." வெளியே மின்சார ரயில் கடக்கிறது; ஸ்டீவன் கைப்பேசியை அவளிடமே திருப்பித் தருகிறான். அவளே யோசித்துச் சொல்கிறாள்: "நைட் ஷிப்ட் தூக்கத்துல நான்தான் எதையாவது அமுக்கிட்டனோ?" அவன் பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டுகிறான். "இருக்கும்க்கா." "என் தப்புதான், உடுங்க சார்" என்று சிரித்துவிட்டு அவள் படியிறங்குகிறாள். நேரடி வகுப்பு கேட்டவர்கள் எண்ணிக்கை, அறிக்கையில் பூஜ்யம். அந்த வகுப்பு இந்த ஆண்டு நடக்காது.